நிறை: பூச்சியம்

சீனக்குடாவில்
மா ஏற்றும் லொறிகளுக்கு நிறை போடுகிறவள் நான்.
அறுபது தொன் தாங்கும் என் தராசு
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் நம்பாது.
லொறி வராத ஒரு மத்தியானம்
ஐந்து நூல் உருண்டைகளையும் நடுத்தட்டில் வைத்துவிட்டு
ஓடிவந்து எண்ணைப் பார்த்தேன்.
பூச்சியம்.
நானும் போய் ஏறி நின்றேன். எட்டிப் பார்த்த காவலாளி
"அறுபது" என்று கத்தினார்.
இரண்டு கிலோ பொய்.

ஜவ்பர் காக்கா கிண்ணியாக்காரர்.
வியாழன்தோறும் நுவரெலியாவுக்கு ஏற்றுவார்.
றம்பொடை தாண்டினால்
கண்ணாடி ஏறாத பக்கத்தால் பனி வந்து
கழுத்தில் குந்துமாம்.
"இஞ்ச வேர்க்குது, அங்க நடுங்குது,
ரெண்டுக்கும் ஒரே சேட்டுத்தான் புள்ள"
இருமிக்கொண்டே சீட்டை மடித்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குப் பின்னவும் தெரியாது.

போனில் ஒரு நோர்வேக்காரி.
சத்தத்தை நிறுத்தி
கைகளை மட்டும் பார்த்துப் பழகினேன்.
அவள் வைத்திருந்த வட்ட ஊசி
திருகோணமலையில் எந்தக் கடையிலும் இல்லை.
இரண்டு சைக்கிள் கம்பியை உரசி மழுக்கி
நடுவே தங்கூசி கட்டினேன்,
பாரைக்குப் போடுகிற தடிப்பு.

நூல், கடைக்காரர் காலால் தள்ளிவிட்ட
பெட்டியின் மிச்சம்.
சிவப்பு: தபால் பெட்டியின் வெயில் பட்ட பக்கம்.
மஞ்சள்: என் சீட்டின் மூன்றாம் பிரதி.
நீலத்துக்குக் கடலைச் சொல்லமாட்டேன்,
அது தறப்பாளின் உட்பக்கம்.
கத்தரிப்பூ நிறம் கத்தரிப்பூ நிறமேதான்.
பச்சை அரை உருண்டை.

அது கால் உருண்டை ஆனது பஸ் நிலையத்தில்.
பின்னால் நின்ற மான்
பையை முகர்ந்து, முனையைக் கவ்வி,
இலை என்று நினைத்து மென்றது.
நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்.
கச்சான் விற்கிறவர் சிரித்தார்;
யாருக்கு ஆதரவென்று தெரியவில்லை.
எச்சில் ஊறிய மிச்சத்தில்
இரண்டே இரண்டு சுற்று வந்தது.

தொண்ணூற்றாறு கண்ணி.
வெறும் லொறி வந்து, நிறைந்து, திரும்பி
என் தட்டில் ஏறுவதற்குள் ஒரு சுற்று.
வந்த நிறை, போகும் நிறை,
இடையில் உள்ளதுதான் மா.
பின்னலிலும் எனக்கு அந்த இடைதான் கிடைத்தது.
நிறம் மாறும் இடத்தில் ஒரு படி விழுகிறது;
வட்டம் என்று நினைத்தால்
அது மெல்ல ஏறுகிற சுருள்.

பதினோராம் சுற்றில் கண்டேன்,
முழுவதும் முறுகிக் கிடக்கிறது.
தொடக்கத்தில் இரு முனையையும் சேர்த்தபோது
ஒருமுறை புரண்டிருக்கிறது.
பார்த்துச் சேர் என்று
அவள் சொல்லித்தான் இருப்பாள்,
நான் நிறுத்திவைத்த சத்தத்தில்.

அவிழ்க்கத்தான் இருந்தேன்.
வாசலில் ஹோர்ன்.
இன்னொன்று.
பிறகு விரலை வைத்து ஓடிப் பார்த்தேன்:
வெளிப்பக்கத்தால் போன விரல்
உட்பக்கமாகி, மறுபடி வெளியே வந்தது,
எங்கும் தூக்கவேயில்லை.
விட்டுவிட்டேன்.

அந்த வியாழன்
கொளுத்துகிற வெயிலில், யார்டு முழுவதும் பார்க்க,
காக்கா அதைத் தலைவழியே மாட்டினார்.
"எது புள்ள முன்பக்கம்?"
"இல்ல."
"பின்பக்கம்?"
"அதுவும் இல்ல."
தட்டில் ஏறினார். எண் அசையவில்லை.
காட்டியதையே எழுதினேன்.

அடுத்த வியாழன் வெறும் கழுத்தோடு வந்தார்.
அதே இருமல்.
அதைக் காது மூடத் தொப்பியாய் இழுத்துவிட்டு
பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்
கிளீனர் டிலக்சன்.
"கண்ணாடி ஏறாத பக்கம் அவன்ட பக்கமெல்லோ"
என்றார் காக்கா, சீட்டுக்குக் கை நீட்டி.

கத்தரிப்பூ கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள் கொஞ்சம்.
இன்றைக்குப் போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துத்
தொடங்கியிருக்கிறேன்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.